வீடு மாற்ற எவ்வளவு ஆகும்? பேக்கர்ஸ் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு மாற்றப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே திரட்டியிருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. ரூபாய்க் கணக்குக்குச் சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டோம். அந்தத் தொகைகள் கணக்குப் போடும் முறையைக் காட்டத்தான். ஊரும் மாதமும் மாறினால் அவையும் மாறும்.

1. ரெண்டு பெட்ரூம் வீடு. தோராயமா எவ்ளோ ஆகும்னு ஒரே வார்த்தையில சொல்லுங்களேன்?

சென்னைக்குள்ளேயே என்றால் 8,000 முதல் 15,000 வரை, சுமார் 500 கிலோமீட்டர் தள்ளிக் கோவைக்கு என்றால் 30,000-ஐ ஒட்டி என்று மனதில் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பிப் பணம் ஒதுக்க வேண்டாம். “ரெண்டு பெட்ரூம்” என்பது அளவே கிடையாது. புதிதாகக் கல்யாணமான இருவரின் இரண்டு பெட்ரூம் வீடு ஒரு குட்டி யானையில், அதாவது டாடா ஏஸ் மாதிரிச் சின்னச் சரக்கு வண்டியில், அடங்கிவிடும். பரண் நிறையப் பாத்திரமும் மூன்று பீரோவுமாக இருபது வருடம் குடியிருந்த அதே அளவு வீட்டுக்கு 17 அடி லாரி வேண்டியிருக்கும்.

செலவைத் தீர்மானிப்பவை மூன்று: சாமான் அடைக்கும் இடம், அதைத் தூக்க எத்தனை ஆள் எத்தனை மணி நேரம், வண்டி ஓடும் தூரம். இதில் தூரம் மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டையும் ஊகத்துக்கு விட்டால் ரேட்டும் ஊகமாகத்தான் வரும்.

2. சாமான் அடைக்கிற இடத்தை நானே எப்படி அளக்கறது?

இஞ்ச் டேப்பும் ஒரு பழைய நோட்டும் போதும். பெரிய பொருள் ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்குங்கள், கன அடி வந்துவிடும். கட்டில், டைனிங் டேபிள் போன்றவற்றைக் கழற்றி அடுக்கினால் எவ்வளவு உயரம் வருமோ அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டு வீட்டுக் கணக்கு இப்படிப் போகிறது: பீரோ 30, கழற்றிய இரட்டைக் கட்டில் 20, மெத்தை 16, ஃபிரிட்ஜ் 22, வாஷிங் மெஷின் 12, மூன்று பேர் சோபா 60, டைனிங் டேபிளும் நாலு நாற்காலியும் 35, டிவி 7, ஏசியின் இரண்டு யூனிட்டும் 8. அட்டைப் பெட்டியில் பொதுவாகப் புழங்குவது 18 அங்குலச் சதுரப் பெட்டி, அது ஒன்று 3.4 கன அடி. 35 பெட்டி என்றால் சுமார் 120. கிரைண்டர், அடுப்பு, ஃபேன், சைக்கிள், வாளி, பூந்தொட்டி எல்லாம் சேர்ந்து 50. மொத்தம் 380.

சாமான்களை இடைவெளியே இல்லாமல் அடுக்க முடியாது என்பதால் 20 சதவீதம் கூட்டினால் 456 ஆகிறது. 14 அடி லாரியின் உள்ளளவு சுமார் 14 × 6 × 6, அதாவது 504 கன அடி. இந்த வீடு அதில் அடங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை.

இனி கடைசி நாள் காலையில் “ஸ்கூட்டரையும் ஏத்திடுங்க” என்கிறீர்கள். ஸ்கூட்டர் சுமார் 60 கன அடி. 516 ஆகிவிட்டது, வண்டி போதாது. 17 அடி லாரிக்கு மாற வேண்டும், அல்லது எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டும். “வந்து பார்த்துட்டு ரேட்டை ஏத்திட்டாங்க” என்ற புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. எல்லாம் ஏமாற்று இல்லை, பட்டியலில் இல்லாத பொருள் என்பதே பல நேரம் காரணம்.

பரண், கட்டிலுக்கு அடியில், பால்கனி, மொட்டை மாடி, கீழே சைக்கிள் நிறுத்துமிடம். இந்த ஐந்தையும் பார்க்காமல் பட்டியல் முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

3. நாலு இடத்துல கேட்டா நாலு ரேட் சொல்றாங்க. 18,000-மும் சொல்றாங்க, 36,000-மும் சொல்றாங்க. எதை நம்பறது?

நாலு பேரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். ஒருவரிடம் போனில் “ரெண்டு பெட்ரூம்” என்றும், இன்னொருவரிடம் “சோபா, பீரோ, கொஞ்சம் பெட்டி” என்றும் சொல்லியிருந்தால் அந்த நாலு ரேட்டையும் ஒப்பிடவே முடியாது. 2-ஆம் கேள்வியில் போட்ட பட்டியலை அப்படியே அனுப்புங்கள். நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வீடியோ காலில் பரண் உட்படக் காட்டுங்கள்.

அப்படியும் ஒருவர் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொன்னால், அவர் எதை விட்டிருக்கிறார் என்று தேடுங்கள். ஒன்று, பலர் சாமானை ஒரே வண்டியில் ஏற்றும் பார்ட் லோடாக இருக்கும் (10-ஆம் கேள்வி). இல்லையென்றால் இறக்குக் கூலியோ பேக்கிங் சாமானோ சேர்ந்திருக்காது. இரண்டும் இல்லையென்றால் சாமான் ஏறிய பிறகு கேட்கலாம் என்று வைத்திருக்கிறார். கோவையிலிருந்து வந்த வண்டி காலியாகத் திரும்பும்போது கிடைக்கிற ரிட்டர்ன் லோடு உண்மையிலேயே மலிவுதான். ஆனால் அதில் தேதி உங்கள் கையில் இருக்காது.

4. கொட்டேஷன்ல என்னென்ன எழுதி வாங்கணும்?

பொருள் பட்டியல் எண்ணிக்கையோடு. வண்டியின் நீளம், மூடிய கன்டெய்னரா தார்ப்பாய் போட்ட லாரியா என்பது. வண்டி உங்களுக்கு மட்டுமா, பகிர்ந்தா. ஏற்ற, இறக்க எத்தனை ஆள். எந்தப் பொருளுக்கு எந்தப் பேக்கிங்: ஃபிரிட்ஜுக்கும் டிவிக்கும் பபிள் ராப்பும் கரகேட்டட் அட்டையும், மெத்தைக்குப் பிளாஸ்டிக் உறை, பீரோவுக்கு ஸ்ட்ரெச் ஃபிலிம். கட்டிலைக் கழற்றுவதும் அங்கே மறுபடி மாட்டுவதும் சேர்த்தியா. டோல், டிரைவர் பேட்டா, ஜிஎஸ்டி உள்ளடக்கமா தனியா. இரண்டு பக்கமும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா. தேதி தள்ளிப்போனால் என்ன பிடித்தம்.

“பேக்கிங் சேர்த்தி” என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் ஏற்க வேண்டாம். பழைய போர்வையில் சுற்றி வெள்ளை டேப் ஒட்டினாலும் அதற்குப் பேர் பேக்கிங்தான். “மேற்கண்ட பட்டியலுக்கு மொத்தத் தொகை இவ்வளவு, பட்டியல் மாறாதவரை தொகை மாறாது” என்ற ஒரு வரி இருந்தால் 21-ஆம் கேள்விக்கு வேலையே இருக்காது. வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினாலும் சரிதான், எழுத்தில் இருக்க வேண்டும்.

5. கொட்டேஷன் 27,000. அப்ப 30,000 எடுத்து வெச்சா போதும்தானே?

போதாது. நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கே போட்டுப் பார்ப்போம். 27,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4,860. ஆக 31,860. சாமான் மதிப்பு இரண்டரை லட்சம், இன்சூரன்ஸ் ஒன்றரை சதவீதம் என்றால் 3,750. ஏசியைக் கழற்றி, அங்கே மாட்டி, குழாயோ கேஸோ கொஞ்சம் சேர்த்தால் 4,700. தண்ணீர் ஃபில்டர், கீசர், ஃபேன், திரைச்சீலைக் கம்பி என்று எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் வந்து போக 2,500. ஆட்களுக்குச் சாப்பாடு, டீ, கையில் கொடுப்பது 1,500. அடுக்குமாடி அசோசியேஷனுக்கு லிஃப்ட் கட்டணம் 1,000. கூட்டினால் 45,310. எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் ஐம்பதாயிரத்தைத் தொடுகிறது.

இதில் வாடகை இன்னும் வரவில்லை. பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் சில நாள் இரட்டை வாடகை ஓடும். பழைய வீட்டு ஓனர் அட்வான்ஸைத் திருப்பித் தரும்போது பெயின்ட் கழிவு என்று ஒரு மாத வாடகை வரை பிடிப்பதும் உண்டு. அந்த அட்வான்ஸ் பெரும்பாலும் சாவி கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். புது வீட்டு அட்வான்ஸை அதற்கு முன்பே கட்டியாக வேண்டும். ஷிஃப்டிங் மாதத்தில் கை இறுகுவதற்கு லாரி வாடகையைவிட இந்த இடைவெளிதான் பெரிய காரணம்.

6. பில் வேணாம்னா ஜிஎஸ்டி இல்லாம முடிச்சுத் தரேன்றார். சரின்னு சொல்லலாமா?

மிச்சமாவது நாலாயிரத்துச் சொச்சம். போவது, கேள்வி கேட்கும் உரிமையின் பாதி. பில் இல்லாமல் ஆபீஸில் பணம் திரும்ப வாங்க முடியாது, இன்சூரன்ஸ் கேட்க முடியாது, நுகர்வோர் ஆணையத்தில் இவரிடம்தான் வேலை கொடுத்தேன் என்று காட்டுவதும் கஷ்டம்.

பேக்கிங், ஏற்றுதல், வண்டி, இறக்குதல் எல்லாம் ஒரே சேவையாக வரும் பில்லில் பொதுவாக 18 சதவீதம் இருக்கும். லாரி ரசீது கொடுத்துப் போக்குவரத்தை மட்டும் செய்பவருக்கு விதி வேறு. ஆண்டு மொத்த வரவு (டர்ன்ஓவர்) 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய ஆட்களுக்கு ஜிஎஸ்டி பதிவே கட்டாயமில்லை. அவர்கள் வரி வசூலிக்கவும் கூடாது. பதிவு எண் இல்லாமல் ஜிஎஸ்டி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். எண் 15 எழுத்து கொண்டது, தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் வரும். கொட்டேஷனில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றுதானா பாருங்கள். பிரபல நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி வைத்துக்கொண்டு திரிபவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

7. வேளச்சேரியிலிருந்து மேடவாக்கம்தான். நாமே ஒரு குட்டி யானையும் ரெண்டு ஆளும் பிடிச்சா மலிவுதானே?

ஒரு பெட்ரூம் வீடு, முதல் மாடிக்குள், கண்ணாடிச் சாமான் குறைவு என்றால் மலிவுதான், அப்படியே செய்யுங்கள். குட்டி யானையின் தளம் 7 அடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஆறடி உயரத்துக்கு அடுக்கினாலும் 200 கன அடிதான். 750 கிலோ வரைதான் ஏற்றலாம்.

2-ஆம் கேள்வியில் பார்த்த 456 கன அடியை இதில் ஏற்றினால் மூன்று நடை. நடைக்கு நடை ஏற்றி இறக்கும் நேரமும் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்து இரவாகிவிடும், ஆள் கூலியும் ஏறும். அந்த அளவுக்கு 14 அடி வண்டி ஒரே நடையில் முடித்துவிடும். ஆனால் சென்னைக்குள் பெரிய வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் தெருவுக்கு எந்த நேரத்தில் வண்டி வர முடியும் என்று பேசிவிட்டுத் தேதி குறியுங்கள்.

8. பேக்கிங்கை நாமே செஞ்சா எவ்ளோ மிச்சம் ஆகும்?

துணி, புத்தகம், எவர்சில்வர் பாத்திரம், பொம்மை ஆகியவற்றை நீங்களே கட்டினால் பெட்டிகளில் பாதிக்கு மேல் முடிந்துவிடும். அதற்கான பேக்கிங் கூலியை எழுத்தில் குறைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் உழைப்பு அவர்களுக்கு இனாம். கண்ணாடி, பீங்கான், டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி இவற்றை அவர்களிடமே விடுங்கள். நீங்கள் கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் இன்சூரன்ஸில் பெரும்பாலும் கிடைக்காது.

புத்தகத்தைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது. ஒரு பெட்டி 20 கிலோவைத் தாண்டினால் அடி பிய்யும். பெரிய பெட்டியில் தலையணை, போர்வை. சின்னப் பெட்டியில் புத்தகம். அண்டாவுக்குள் குண்டான், குண்டானுக்குள் செம்பு, நடுவில் பழைய புடவை என்று அடுக்கினால் ஐந்து பெட்டிச் சாமான் ஒன்றில் அடங்கும், புடவைக்கும் தனிப் பெட்டி வேண்டாம். எண்ணெய், ஊறுகாய், திறந்த மசாலா டப்பா எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஒரு நல்லெண்ணெய் பாட்டில் கசிந்தால் கீழே இருக்கும் மூன்று பெட்டித் துணி போய்விடும்.

பெட்டியின் பக்கவாட்டில் எண்ணும் அறையின் பெயரும் எழுதுங்கள். மேல்பக்கம் எழுதினால் அடுக்கிய பிறகு தெரியாது. நகை, பத்திரம், சான்றிதழ், லேப்டாப், மருந்து உங்கள் கைப்பையில்.

9. எந்த நாள்ல மாத்தினா ரேட் குறையும்?

மாதத்தின் நடுவில், செவ்வாய் முதல் வியாழனுக்குள். மாதக் கடைசியும் ஒன்றாம் தேதியும் ஞாயிறும் நெரிசல். பள்ளி விடுமுறையும் பள்ளித் திறப்பும் வரும் மே, ஜூன் எல்லாவற்றையும் மிஞ்சும். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாறுவதில்லை என்பதால் அப்போது பேரம் பேச இடம் உண்டு. அது முடிந்ததும் ஆவணி, தை முகூர்த்த நாட்களில் வண்டி கிடைப்பதே பாடு.

நல்ல நாள் பார்ப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பால் காய்ச்சுவதையும் லாரியையும் ஒரே நாளில் போட வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சளோடு போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். லாரியைப் புதன்கிழமைக்கு வையுங்கள். பக்கத்து ஊருக்கு மாறுபவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் தார்ப்பாய் வண்டிக்கும் மூடிய கன்டெய்னருக்கும் உள்ள ரேட் வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள், கன்டெய்னரே எடுங்கள். நனைந்த மெத்தையைக் காயவைத்துப் பழையபடி ஆக்க முடியாது.

10. பார்ட் லோடுனா பாதி ரேட்னு சொல்றாங்க. போடலாமா?

அரை வண்டிக்கும் குறைவான சாமான், அவசரமில்லை என்றால் போடலாம். உங்கள் சாமான் முதலில் அவர்கள் கிடங்குக்குப் போகும். அதே ஊருக்கு இன்னும் இரண்டு மூன்று வீட்டுச் சாமான் சேரும்வரை அங்கே இருக்கும். போகிற ஊரிலும் ஒரு முறை இறக்கி வேறு சின்ன வண்டியில் ஏற்றுவார்கள். ஒரே இரவில் போக வேண்டியது நாலு நாள், ஒரு வாரம் ஆகும்.

ஏற்றி இறக்குவது மூன்று முறை என்பதால் உடையும் வாய்ப்பும் கூடும். அட்டைக்கு மேல் கூடுதல் கட்டு வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் பெயரும் எண்ணும் வேண்டும். அந்த ஒரு வாரம் ஹோட்டலில் தங்கிச் சாப்பிட எவ்வளவு ஆகும் என்பதையும் கூட்டிவிட்டு மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

11. ஏசிக்கு மட்டும் ஏன் தனியா இவ்ளோ கேக்கறாங்க?

அது வேறு தொழிலாளியின் வேலை. பேக்கர்ஸ் ஆட்கள் ஏசியைக் கழற்றக் கூடாது. கழற்றுவதற்கு முன் குழாயில் ஓடும் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்க வேண்டும். ஏசியை ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூடி, ஓரிரு நிமிடத்தில் தடித்த குழாயின் வால்வை மூடி, உடனே சுவிட்சை அணைப்பார்கள். பம்ப் டவுன் என்பது இதுதான். இதைச் செய்யாமல் நட்டைத் திருகினால் கேஸ் புஸ்ஸென்று வெளியே போய்விடும். அங்கே போய் முழு கேஸ் அடிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். கழற்றும்போது பக்கத்தில் நின்று, ஏசி ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மாட்டும்போது செலவு ஏறுவது காப்பர் குழாயில்தான். பழைய வீட்டில் பத்தடி இருந்தது, புது வீட்டில் பதினைந்து அடி தேவை என்றால் அடிக்கு இவ்வளவு என்று போடுவார்கள். இரண்டு யூனிட்டுக்கும் இடையே வரப்போகும் தூரத்தைப் புது வீட்டில் முன்பே அளந்து வையுங்கள்.

12. பைக்கை அதே லாரியில ஏத்தலாமா?

ஏற்றலாம், இடம் இருந்தால். 2-ஆம் கேள்வியின் கணக்கை ஒருமுறை பாருங்கள். பெட்ரோலை வடித்துவிட வேண்டும். ஆர்சி, இன்சூரன்ஸ் நகல் டிரைவரிடம் இருக்க வேண்டும். ஏற்றும் முன் நாலு பக்கமும் மீட்டர் ரீடிங்கும் போட்டோ எடுங்கள்.

13. பழைய சோபாவைத் தூக்கிட்டுப் போறதா, வித்துடறதா?

மொத்தச் செலவைக் கன அடியால் வகுத்தால் விடை வரும். வரியோடு 31,860 ரூபாய், 380 கன அடி. கன அடிக்கு ஏறக்குறைய 84 ரூபாய். 60 கன அடி சோபாவைக் கோவைக்குக் கொண்டுபோக சுமார் 5,000 ரூபாய் ஆகிறது. ஸ்பிரிங் தொய்ந்த, துணி கிழிந்த சோபாவுக்கு இது வீண். அதை இங்கேயே கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஸ்கூட்டர் உட்காரும், 17 அடி லாரியும் வேண்டாம்.

தேக்குக் கட்டில், கனத்த தகட்டு பீரோ இரண்டையும் கொண்டு போங்கள், அந்தத் தரத்தில் புதிதாக வாங்க அதிகம் ஆகும். பார்ட்டிகிள் போர்டு அலமாரி வேறு கதை. ஒருமுறை கழற்றி மாட்டினாலே ஸ்க்ரூ துளை தளர்ந்துவிடும், இரண்டாவது முறை நிற்காது. ஆட்டுக்கல்லும் அம்மியும் இடம் அடைக்காது, எடைதான். லாரித் தரையில் வைத்துவிட்டால் தொல்லை இல்லை.

14. கேஸ் சிலிண்டரையும் ஏத்திடலாமா?

கூடாது. வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டோடு புது ஊர் ஏஜென்சியில் இணைப்பு எடுக்க வேண்டும். ஒரே ஊருக்குள் என்றால் ஒப்படைக்க வேண்டியதில்லை, மாற்றல் சீட்டு போதும். அப்போதும் சிலிண்டரை லாரியில் ஏற்ற வேண்டாம். அடுப்பை மட்டும் ஏற்றுங்கள்.

15. லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி. தெருவும் குறுகல். இதுக்கு எவ்ளோ ஏறும்?

மாடிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். சில பொருட்களுக்கு, குறிப்பாக பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும், தனியாகவும் கேட்பார்கள். ஆறரை அடி பீரோ படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்புமா என்று டேப் வைத்துப் பாருங்கள். திரும்பாவிட்டால் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்ற வேண்டும், அதற்கு இன்னும் ஆள், இன்னும் பணம்.

தெருவுக்குள் லாரி வராவிட்டால் முனையில் நிறுத்தி, குட்டி யானையில் மாற்றிக் கொண்டுவருவார்கள். இந்த இரண்டாவது வண்டிக்கு யார் பணம் தருவது என்பதை 4-ஆம் கேள்வியில் சொன்ன கொட்டேஷனிலேயே எழுதுங்கள். தெருமுனையின் போட்டோவை அனுப்பிவிட்டால் பிறகு “எங்களுக்குத் தெரியாதே” என்ற பேச்சு வராது. அடுக்குமாடியில் லிஃப்டுக்கு நேரம் குறித்து வைத்திருப்பார்கள், முன்பே அசோசியேஷனிடம் கேளுங்கள்.

16. இன்சூரன்ஸ் மூணு பர்சன்ட்னாங்க. கட்டியாச்சு. எல்லாமே கவர் ஆகும்தானே?

எங்கே பாலிசி என்று கேளுங்கள். இங்கே இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒன்று, காப்பீட்டு நிறுவனம் தரும் பாலிசி. இன்னொன்று, உடைந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பேக்கர்ஸ் தாங்களே வாங்கும் தொகை, எஃப்ஓவி என்று பில்லில் வரும். இரண்டாவதில் பணம் தருவது அவர்கள் மனசு. முதல் வகை என்றால், உங்கள் பெயரும் வண்டிப் பயணமும் குறித்த சான்றிதழ் வண்டி கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் வந்துவிட வேண்டும்.

பாலிசியிலும் எல்லா அபாயத்துக்குமானது, விபத்து, தீ போன்றவற்றுக்கு மட்டுமானது என்று வகை உண்டு. இரண்டாவது வகையில் டிவி விரிசல் விட்டால் ஒன்றும் வராது, லாரியே கவிழ்ந்தால்தான். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். உள்ளே மோட்டார் ஓடவில்லை, வெளியே கீறல் இல்லை என்றாலும் பெரும்பாலும் தர மாட்டார்கள். அதனால் ஏற்றும் முன் டிவியையும் ஃபிரிட்ஜையும் ஓடவிட்டு ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

மதிப்பைக் குறைத்து எழுதினால் பிரீமியம் குறையும், நஷ்டஈடும் அதே விகிதத்தில் குறையும். இன்சூரன்ஸ் இல்லாமல், மதிப்பும் அறிவிக்காமல் அனுப்பினால், 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் லாரிக்காரரின் பொறுப்புக்கு, கட்டிய வாடகையின் பத்து மடங்கு என்று உச்சவரம்பு உண்டு.

17. அட்வான்ஸ் எவ்ளோ கொடுக்கலாம்?

தேதியை உறுதி செய்யப் பத்து சதவீதம் போதும். ஏற்றி முடித்ததும் பெரும் பகுதி கேட்பார்கள், அது நியாயம்தான், டீசலும் டோலும் அவர்கள் கையிலிருந்து போகிறது. ஆனால் கடைசி 20 முதல் 30 சதவீதத்தைச் சாமான் இறங்கி, எண்ணிப் பார்த்த பிறகு தருவதாக எழுதிவிடுங்கள். பணம் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். “மேனேஜர் நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க” என்றால் வேண்டாம்.

18. இ-வே பில்லுக்கு 1,500, செக்போஸ்ட்டுக்கு 1,000னு பில்லுல இருக்கு. இது உண்டா?

பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமான்களுக்கு ஜிஎஸ்டி விதியில் இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப இணையத்தில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை. விலக்குப் பட்டியலிலேயே அது இருக்கிறது. அந்த 1,500-ஐ அடித்துவிடச் சொல்லுங்கள். லாரி ரசீதும் பொருள் பட்டியலும் “பயன்படுத்திய வீட்டுச் சாமான், விற்பனைக்கு அல்ல” என்ற குறிப்பும் ஆதார் நகலும் டிரைவரிடம் இருந்தால் போதும். சீல் பிரிக்காத புது டிவி, புது ஃபிரிட்ஜ் இருந்தால் கதை வேறு, அதன் பில்லையும் கூடவே அனுப்புங்கள். டோல் உண்மையான செலவு. ரசீதில்லாமல் “செக்போஸ்ட்” என்று பில்லில் போட்ட தொகையைத் தர வேண்டியதில்லை.

19. கம்பெனி மாத்தி விடுது. செலவைத் திருப்பித் தருவாங்களாம். என்ன பார்த்துக்கணும்?

ஆபீஸ் எவ்வளவு வரை தரும், எதற்கெல்லாம் தரும் என்று ஹெச்ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். ஏசி மாட்டுவது, பைக், இன்சூரன்ஸ் சேருமா என்பதில்தான் பெரும்பாலும் தகராறு வரும். சில நிறுவனங்கள் மூன்று கொட்டேஷன் கேட்கும். பில், லாரி ரசீது, பொருள் பட்டியல், பணம் கட்டிய சான்று நாலும் ஒரே பெயரில் ஒரே தேதியை ஒட்டி இருக்க வேண்டும். மாற்றலுக்காகத் தரும் தொகையில், சாமான் கட்டவும் கொண்டு செல்லவும் மெய்யாகச் செலவானதற்கு வருமான வரி விலக்கு உண்டு. செலவு செய்யாமல் கையில் மிஞ்சியதற்கு இல்லை.

20. பாலக்காட்டுக்குப் போறோம். அங்க நோக்குக் கூலி கேப்பாங்களாமே?

வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் கூலிதான் நோக்குக் கூலி. கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழித்துவிட்டது. கேட்டால் போலீஸில் சொல்லலாம். இறக்க உள்ளூர்ச் சுமைத் தொழிலாளர்களை அமர்த்தினால் அது முறையான கூலி, ரசீதோடு கொடுங்கள். பேக்கர்ஸிடம் “கேரளாவில் இறக்க உங்கள் ஆளா, அங்கத்து ஆளா, யார் பணம்” என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவிட்டால் வாசலில் நின்று பேச வேண்டியிருக்காது.

21. எல்லாத்தையும் ஏத்திட்டு “இன்னும் 12,000 கொடுங்க, இல்லேன்னா வண்டி கிளம்பாது”ன்னா என்ன பண்றது?

முதலில் நியாயமா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத ஸ்கூட்டரும் பத்துப் பெட்டியும் கூடியிருந்தால், கன அடிக் கணக்கில் (13-ஆம் கேள்வி) அதற்கு எவ்வளவோ அதைக் கொடுங்கள். 60 கன அடி கூடியதற்கு 12,000 கேட்டால் அது பேரம், ஐந்தாயிரத்தில் முடிய வேண்டியது.

ஒன்றும் கூடவில்லை, ஆனாலும் கேட்கிறார்கள் என்றால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். “பட்டியல் மாறவில்லை, தொகை ஏன் மாறியது” என்று வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதிலை வாங்குங்கள். வண்டி எண், டிரைவரின் லைசென்ஸ், ஏற்றிய நிலையில் வண்டி, இவற்றின் போட்டோ ஏற்றும்போதே எடுத்திருக்க வேண்டும். வண்டி உங்கள் தெருவில் நிற்கும்வரைதான் பலம் உங்களிடம். அங்கேயே 112-ஐ அழையுங்கள். வண்டி கிளம்பிப் பாதி வழியில் நிறுத்திவிட்டுக் கேட்டால், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியுங்கள். வேறு வழியில்லாமல் பணம் அனுப்பினால் ரொக்கமாக வேண்டாம். வங்கி வழியாக அனுப்பி, “எதிர்ப்புடன் தருகிறேன்” என்று செய்தியும் அனுப்புங்கள்.

22. சாமான் வந்து சேர்ந்தது. பெட்டி ஒண்ணு காணோம், பீரோ நசுங்கியிருக்கு. கையெழுத்து போடச் சொல்றாங்க.

போடுங்கள், ஆனால் கையெழுத்துக்கு மேலே “23-ஆம் எண் பெட்டி வரவில்லை, பீரோ இடது கதவு நசுங்கல், மற்ற பெட்டிகள் திறந்து பார்க்கவில்லை” என்று எழுதிவிட்டுப் போடுங்கள். அந்தத் தாளை வண்டி போகும் முன் போட்டோ எடுங்கள். அதற்காகத்தான் 8-ஆம் கேள்வியில் பெட்டிக்கு எண் போடச் சொன்னது.

17-ஆம் கேள்வியில் நிறுத்தி வைத்த தொகையிலிருந்து பேசித் தீர்த்துக்கொள்வதே வேகமான வழி. பாலிசி இருந்தால் அன்றைக்கே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். அவர்கள் ஆள் வந்து பார்க்கும்வரை உடைந்ததைத் தூக்கி எறியாதீர்கள், அட்டையையும் வைத்திருங்கள். லாரிக்காரருக்கு எதிராக வழக்கு என்றால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், அதாவது கோவையிலேயே. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.